ஆலன் ஹேக்கர்: பல வேலை பார்த்தவரா, ஒரே வேலையைப் பல இடங்களில் பார்த்தவரா?

மந்திரஸ்தாயி எழுதியது:

மேற்கத்திய கிளாரினெட் பற்றி இங்கே பேச்சு எடுத்தாலே மோட்சார்ட், பிராம்ஸ் என்று எழுதியவர்களோடு நின்றுவிடுகிறோம். ஊதியவர்களைப் பற்றிப் பேசுவதே இல்லை. எனக்கு ரொம்ப நாளாக ஒருவரைப் பற்றி எழுத ஆசை. இங்கிலாந்துக்காரர், ஆலன் ஹேக்கர்.

1938-இல் டோர்க்கிங்கில் பிறந்தார். லண்டன் ராயல் அகாடமி ஆஃப் மியூசிக்கில் படித்தார். இருபது வயதை ஒட்டியே லண்டன் ஃபில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ராவில் இடம் கிடைத்தது. கொஞ்ச நாளில் தான் படித்த அகாடமியிலேயே வாத்தியார். அந்த வயதில் இதற்கு மேல் ஒரு கிளாரினெட்காரருக்கு என்ன வேண்டும்? 1966-இல் முதுகுத்தண்டில் ரத்தம் உறைந்து இரண்டு கால்களும் செயலிழந்தன. இருபதுகளின் கடைசியில் இருந்தார். அதற்கப்புறம் சக்கர நாற்காலிதான்.

அடுத்த வருடமே, 1967-இல், இசையமைப்பாளர்கள் ஹாரிசன் பர்ட்விசில், பீட்டர் மேக்ஸ்வெல் டேவிஸ், பியானோ கலைஞர் ஸ்டீஃபன் புருஸ்லின் ஆகியோரோடு ‘பியேரோ பிளேயர்ஸ்’ என்ற குழு தொடங்குவதில் இவரும் இருந்தார். ஷோன்பெர்க் 1912-இல் எழுதிய ‘பியேரோ லூனேர்’ படைப்பின் வாத்திய அமைப்பை அடிப்படையாக வைத்த குழு அது. பிறகு ‘ஃபயர்ஸ் ஆஃப் லண்டன்’ என்று பெயர் மாறியது. அதே காலத்தில், மோட்சார்ட் எழுதியபோது இருந்து பின்னால் மறைந்துபோன நீட்டிய கிளாரினெட்டை மறுபடி செய்வித்து வாசித்தார். 1972-இல் ‘மியூசிக் பார்ட்டி’ என்று இன்னொரு குழு. அது 18-ஆம் நூற்றாண்டு இசையை அந்தக் கால வாத்தியங்களிலேயே வாசிப்பதற்கு. 1976 முதல் 1987 வரை யார்க் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர். அப்புறம் கண்டக்டர், அதாவது ஆர்க்கெஸ்ட்ராவை நடத்துபவர். இசையமைப்பாளர் ஜூடித் வியரின் ‘த வானிஷிங் பிரைட்குரூம்’ ஓபரா 1990-இல் கிளாஸ்கோவில் முதன்முதலாக மேடையேறியபோது நடத்தியவர் இவர்தான். 2012-இல் காலமானார்.

இவரைப் பற்றிப் பேசுகிறவர்களில் பாதிப்பேர் ‘புதிய இசை ஆள்’ என்பார்கள், மீதிப்பேர் ‘பழைய வாத்திய ஆள்’ என்பார்கள். இரண்டும் ஒரே வேலைதான் என்பது என் கட்சி. எப்படி என்று பிறகு எழுதுகிறேன். முதலில் உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

---

இரண்டாம்_மேசை எழுதியது:

மந்திரஸ்தாயி, நல்ல இழை. ஆனால் உங்கள் கட்சியில் நான் இல்லை.

நான் பேண்டிலும் ஸ்டூடியோவிலும் ஊதிப் பிழைத்தவன். எங்கள் தொழிலில் ஒரு ஆள் ஒரு நாற்காலியில் இருபது, முப்பது வருடம் உட்கார்ந்தால்தான் அந்த நாற்காலிக்கு ஒரு ஒலி வரும். பக்கத்தில் ஓபோ எப்போது மூச்செடுக்கும், பஸ்ஸூன் எந்தச் சுரத்தில் கொஞ்சம் ஏறும் என்பதெல்லாம் உடம்பில் ஏறவேண்டும். இன்று பர்ட்விசில், நாளை மோட்சார்ட், அதற்கடுத்த நாள் வகுப்பு, அப்புறம் கண்டக்டர் கோல் என்று போகிறவரிடம் திறமை இருக்கும், மறுக்கவில்லை. பிள்ளைகள் அவரிடம் எதைப் பிடித்துக்கொள்வார்கள்? வாத்தியார் ஒரு இடத்தில் நின்றால்தானே மாணவன் சுற்றி வர முடியும்?

அவருக்கு உடம்புக்கு வந்த கஷ்டத்தை வைத்து இதைச் சொல்லவில்லை. அதை மீறி அவர் வாசித்தது பெரிய விஷயம். ஆனால் அதற்காகவே எல்லாவற்றையும் புகழ்ந்துவிடக் கூடாது என்றும் நினைக்கிறேன்.

---

கவின்மலர் எழுதியது:

நடுவில் ஒரு சந்தேகம் கேட்கலாமா? ‘நீட்டிய கிளாரினெட்’ என்றால் பாஸ் கிளாரினெட்டா? எதற்காக நீட்டினார்கள், ஏன் அது மறைந்துபோனது? நான் மோட்சார்ட்டின் கிளாரினெட் கான்செர்ட்டோவை (தனிக் கிளாரினெட்டும் ஆர்க்கெஸ்ட்ராவும்) ஃபோனில் அடிக்கடி கேட்பேன், அதில் ஒன்றும் குறைகிற மாதிரித் தெரிந்ததில்லை.

---

மந்திரஸ்தாயி எழுதியது:

கவின்மலர், நல்ல இடத்தில் கேட்டீர்கள். என் கட்சியின் வேரே இங்கேதான் இருக்கிறது.

பாஸ் கிளாரினெட் இல்லை, பாசெட் கிளாரினெட். சாதாரண கிளாரினெட்டில் எழுத்துக் கணக்குப்படி ஆகக் கீழே வரும் சுரம் ‘ஈ’. குழாயைக் கொஞ்சம் நீட்டி, கட்டைவிரலுக்கு இன்னும் சில சாவிகள் வைத்தால் ‘சி’ வரை இறங்கலாம். கூடுதலாக நான்கு அரைச்சுரங்கள் கிடைக்கும். வியன்னாவில் ஆன்டன் ஷ்டாட்லர் என்ற கிளாரினெட்காரரும் தியடோர் லோட்ஸ் என்ற வாத்தியம் செய்பவரும் சேர்ந்து உருவாக்கியது அது. மோட்சார்ட்டின் 1789 குவின்டெட்டும் (கிளாரினெட்டும் நான்கு தந்தி வாத்தியங்களும்) 1791 கான்செர்ட்டோவும் ஷ்டாட்லருக்காக எழுதியவை.

கான்செர்ட்டோவின் மூலக் கையெழுத்துப் பிரதி கிடைக்கவில்லை. மோட்சார்ட் இறந்து பத்து வருடம் கழித்து, 1801 வாக்கில், பதிப்பாளர்கள் அச்சிட்டபோது எல்லோரிடமும் இருந்த சாதாரண கிளாரினெட்டுக்கு ஏற்ற மாதிரி மாற்றித்தான் போட்டார்கள். நீங்கள் ஃபோனில் கேட்பது அநேகமாக அந்த மாற்றிய வடிவம். முதல் பகுதியில் கிளாரினெட் தானே பின்னணி வாசிக்கிற மாதிரி கீழ்ச்சுரங்களை உடைத்து உடைத்து ஓடும் இடங்களைக் கவனித்துக் கேளுங்கள். வரி கீழே இறங்கிக்கொண்டே வரும். காது அடுத்த சுரத்துக்குத் தயாராகும். அந்த நேரம் பார்த்து அது சட்டென்று ஒரு ஸ்தாயி மேலே தாவிவிடும். மோட்சார்ட் தாவச் சொல்லவில்லை. கீழே குழாய் போதவில்லை, அதனால் தாவுகிறது. பழகிய காதுக்கு அது குறையாகத் தெரியாது என்பது உண்மைதான். இறங்கிப் போகிற வடிவத்தை ஒருமுறை கேட்டுவிட்டால் பழையபடி கேட்க முடியாது.

இதை அந்தக் காலத்திலேயே ஒருவர் சொல்லியிருக்கிறார். 1802-இல் லைப்சிக்கின் இசைப் பத்திரிகையில் வந்த விமரிசனம், எந்தெந்த இடங்கள் மேலே ஏற்றப்பட்டிருக்கின்றன என்று உதாரணத்தோடு காட்டியது. இன்னொரு துப்பு, மோட்சார்ட் கையெழுத்திலேயே 199 தாளக் கட்டங்கள் கொண்ட ஒரு வரைவு. கிளாரினெட் குடும்பத்தின் இன்னொரு வாத்தியமான பாசெட் ஹார்னுக்காக அவர் தொடங்கிய அதே முதல் பகுதி. சுவிட்சர்லாந்தின் விண்டர்டூரில் இருக்கிறது. இவற்றை வைத்து, தாவும் இடங்களை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கி, பழைய வடிவத்தை யூகித்தார்கள். 1960-களின் பிற்பாதியில் இங்கிலாந்தில் அந்த வடிவத்தை வாத்தியத்தோடு மேடைக்குக் கொண்டு வந்தவர் ஹேக்கர்.

இனி என் கட்சி. மோட்சார்ட்டுக்காகச் செய்வித்த அந்த நீட்டிய கிளாரினெட்டை ஹேக்கர் காட்சிப்பெட்டியில் வைக்கவில்லை. பர்ட்விசில் அதைக் கேட்டார். 1968-இல் அதற்காகவே ‘லினோய்’ எழுதினார். அதில் பியானோக்காரர் பெரும்பாலும் உள்ளே கையை விட்டுக் கம்பிகளை மீட்டுவார், மேலே கிளாரினெட் நீண்டு நீண்டு போகும். 1791-இன் கீழ் ‘சி’ அப்படியே 1968-க்கு வந்துவிட்டது. இது இரண்டு வேலையா, ஒரு வேலையா?

---

ஏடும்_இசையும் எழுதியது:

ஒரு விவரம் சேர்க்கிறேன். ஹேக்கர் 60-களில் வாசித்த வாத்தியம் ஷ்டாட்லருடையதின் நகல் இல்லை. ஷ்டாட்லரின் வாத்தியம் எதுவும் மிஞ்சவில்லை. அது எப்படி இருந்தது என்பதே ரொம்பக் காலம் தெரியாது. ரீகாவில் 1794-இல் ஷ்டாட்லர் நடத்திய கச்சேரிகளின் நிகழ்ச்சித்தாளை பமேலா பவுலின் என்ற ஆய்வாளர் கண்டெடுத்து 1990-களில் வெளியிட்டார். அதில் வாத்தியத்தின் படமே இருந்தது. கீழ் முனை வளைந்து, உருண்டையான மணி வாயோடு இருக்கிறது. இப்போது வாத்தியம் செய்கிறவர்கள் பெரும்பாலும் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் செய்கிறார்கள்.

இன்னொன்று, இந்த மீட்பு ஹேக்கரோடு தொடங்கவும் இல்லை. 1951-இலேயே பிராகாவில் செக் நாட்டுக் கலைஞர்கள் பாசெட் கிளாரினெட்டில் கான்செர்ட்டோவை வாசித்திருக்கிறார்கள். ஹேக்கரின் பெருமையைக் குறைக்க இதைச் சொல்லவில்லை. பிராகாவும் அவ்வளவு பொருத்தமான ஊர். 1791 அக்டோபரில் ஷ்டாட்லர் கான்செர்ட்டோவை முதன்முதலில் வாசித்ததும் அங்கேதான் என்பார்கள்.

---

மந்திரஸ்தாயி எழுதியது:

நன்றி ஐயா. படம் கிடைக்கும் முன்பே, வெறும் இசையை வைத்து ‘இங்கே கீழே இறங்கத்தான் வேண்டும்’ என்று குழாயை நீட்டினார்கள் என்பது எனக்கு இன்னும் பெரிதாகப் படுகிறது. காது சொன்னதைப் படம் பிறகு வந்து ஆமோதித்தது.

இரண்டாம்_மேசை அண்ணனின் கேள்விக்கும் பதில் சொல்லவேண்டும். மாணவன் எதைப் பிடித்துக்கொள்வான் என்று கேட்டிருந்தார்.

பழைய ஐந்து சாவிக் கிளாரினெட்டைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பாக்ஸ் மரத்தில் செய்தது, இன்றைய கறுப்பு மரத்தைவிட லேசு. சாவி இல்லாத அரைச்சுரங்களுக்கு விரலைத் தாண்டி வைத்து, நடுவில் ஒரு துளையைத் திறந்து விட்டு ஊதவேண்டும். அப்படி வரும் சுரம் கொஞ்சம் அடங்கி, மூடிய மாதிரி ஒலிக்கும். பக்கத்துச் சுரம் திறந்து ஒலிக்கும். ஆக ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு நிறம். 19-ஆம் நூற்றாண்டில் சாவிகளைக் கூட்டிக் கூட்டி இந்த வித்தியாசத்தைச் சமன் செய்தார்கள். அதனால் வேகம் வந்தது, சுருதி வந்தது. நிறம் போனது.

1960-களின் புதிய இசை திரும்பக் கேட்டது அந்த நிறத்தைத்தான். கால் சுரங்கள், ஒரே மூச்சில் இரண்டு மூன்று ஒலிகள். அதற்கும் வழி அதேதான்: வழக்கமில்லாத விரல் வைப்பு, பாதி திறந்த துளை, கொஞ்சம் தளர்த்திய உதடு. டேவிஸ் 1967-இல் ஹேக்கருக்கும் புருஸ்லினுக்கும் எழுதிய ‘ஹிம்னோஸ்’ கிளாரினெட்காரரை விளிம்புவரை தள்ளும். பழைய ஐந்து சாவிக் கிளாரினெட்டில் விரலைத் தாண்டி வைத்துப் பழகிய கைக்கு இது அந்நியம் இல்லை. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மாணவனுக்குப் போதும் என்பேன்.

---

நல்லூர்_வாசகி எழுதியது:

நான் பிள்ளைகளுக்கு வாய்ப்பாட்டு வகுப்பெடுக்கிறனான். மேற்கத்திய இசை அவ்வளவு பரிச்சயமில்லை, ஆனால் ஷ்டாட்லர் என்ற பெயரைப் பார்த்ததும் எழுத வேண்டும் போல இருந்தது. அவரைப் பற்றி வாசிக்கும் இடமெல்லாம் மோட்சார்ட்டிடம் கடன் வாங்கித் திருப்பிக் கொடுக்காதவர் என்ற கதைதான். மோட்சார்ட் இறந்தபோது 500 கில்டர் பாக்கி இருந்தது என்பது கணக்கில் உள்ளதுதான். கையெழுத்துப் பிரதிகள் இருந்த பெட்டி களவு போனதென்று ஷ்டாட்லர் சொன்னார், இல்லை அவர் அடகு வைத்துவிட்டார் என்று மற்றவர்கள் சொல்கிறார்கள் என மோட்சார்ட்டின் மனைவி கோன்ஸ்டான்ஸ 1800-இல் ஒரு பதிப்பாளருக்கு எழுதிய கடிதமும் இருக்கிறது.

அதே 1800-ஐ ஒட்டி ஷ்டாட்லர் செய்த இன்னொரு வேலையை யாரும் சொல்வதில்லை. ஹங்கேரியில் கெஸ்ட்ஹெய் என்ற ஊரில் ஃபெஸ்டெடிச் என்ற பிரபு ஒரு இசைப்பள்ளி தொடங்க யோசித்து, எப்படி நடத்தலாம் என்று ஷ்டாட்லரிடம் கேட்டார். அவர் ஒரு முழுப் பாடத்திட்டமே எழுதிக் கொடுத்தார். குரல் நல்லதோ இல்லையோ எல்லாப் பிள்ளையும் பாட வேண்டும் என்பது அதில் அடிப்படை. அதன்மேல் பியானோ, ஆர்கன், வயலின், காற்று வாத்தியங்கள். இசை விளங்க வேண்டுமென்றால் கணக்கும் கவிதையும் மொழிகளும் தெரிந்திருக்க வேண்டும் என்கிற அளவுக்குப் போகிறார். உலகமே வியந்த ஒரு கிளாரினெட்காரர், கிளாரினெட் கற்க முன் பாடு என்கிறார்.

எங்களுக்கு இது புதிதில்லை. கர்நாடக இசையைக் கிளாரினெட்டில் வாசித்த ஏ.கே.சி. நடராஜன் ஐயா ஆலத்தூர் வேங்கடேச ஐயரிடம் வாய்ப்பாட்டுக் கற்றவர். அந்தக் கிளாரினெட்டில் சாகித்தியம் கேட்பது அதனால்தான் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். ஹேக்கரும் பிள்ளைகளைப் பாடச் சொல்லித்தான் கற்பித்தாரோ என்று அறிய ஆவல்.

---

இரண்டாம்_மேசை எழுதியது:

வாசகி அம்மா, ஷ்டாட்லரின் பாடத்திட்டம் எனக்குப் புதுச் செய்தி. மனதார நன்றி.

மந்திரஸ்தாயி, ‘நிறம்’ பற்றி எழுதியது சரி. விரலைத் தாண்டி வைப்பது எங்களுக்கும் தெரியும், வேகமான இடத்தில் குறுக்கு வழியாகப் பிடிப்போம், அதை ஒரு அழகாக யாரும் பார்த்ததில்லை. ஆனால் என் கேள்வி இன்னும் பாக்கி. பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துவது வேறு, பையனை உட்காரவைத்து நீண்ட சுரம் ஊதவைப்பது வேறு. முதல் மூன்று வருடம் ஒலி, ஸ்கேல், நாக்கு. அதில் நிறத்தைப் பேசினால் பையன் தடுமாறுவான். கஷ்டப்பட்டு ஊதிய சுரம் சுருதி விலகி வரும்போது ‘இதுவும் ஒரு நிறம்’ என்று அவனே தன்னைத் தேற்றிக்கொள்வான். அதை எப்படித் தடுப்பது?

---

சக்கரம் எழுதியது:

இந்த இழையில் எழுதவேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். நானும் சக்கர நாற்காலியில் இருப்பவள், பள்ளிப் பிள்ளைகளுக்கு இசை சொல்லிக்கொடுக்கிறேன். வேலை தேடியபோது ஒரு பள்ளியில் எல்லாம் கேட்டு முடித்து, ‘மேடையில் ஏற முடியுமா, பாட்டுப்போட்டிக்குப் பிள்ளைகளை அழைத்துப்போக முடியுமா’ என்று கேட்டுவிட்டு அனுப்பிவிட்டார்கள். என் பாட்டை யாரும் கேட்கவே இல்லை.

அதனால் ஹேக்கர் வாழ்க்கையில் எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. 1966-க்குப் பிறகு அவருக்குக் கிடைத்த வேலைகளைப் பாருங்கள். குழு தொடங்குவதில் கூட நின்றார், பிறகு தானே குழு தொடங்கினார். அவருக்காக இசை எழுதினார்கள். 1976-இல் பர்ட்விசில் ‘மெலன்கோலியா I’ எழுதினார்: தனிக் கிளாரினெட், ஒரு ஹார்ப், இரண்டு தந்தி வாத்தியக் குழுக்கள். கிளாஸ்கோவில் அதை முதலில் வாசித்தவர் இவர். பாவப்பட்டு யாரும் அப்படி ஒரு படைப்பை எழுதிக் கொடுப்பதில்லை. அந்த ஒலி வேண்டும் என்பதால் எழுதுகிறார்கள். அவர் பல இடத்துக்குப் போனார் என்று இரண்டாம்_மேசை அண்ணன் சொல்கிறார். சில நேரம் ஒரே நாற்காலியில் முப்பது வருடம் உட்காரும் வாய்ப்பை உலகம் எல்லோருக்கும் தருவதில்லை அண்ணா. அப்படிப்பட்டவர்கள் இடத்தைத் தாங்களே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

---

இரண்டாம்_மேசை எழுதியது:

தங்கச்சி, நீ சொன்னது எனக்குத் தோன்றாத பக்கம். நாற்காலி தானாக வந்து அமைந்தவன் நான். அதை வைத்து எல்லோரையும் அளந்தேன்.

---

மந்திரஸ்தாயி எழுதியது:

சக்கரம், நீங்கள் எழுதியதற்கு நான் சேர்க்க ஒன்றுமில்லை. அந்தப் பள்ளிக்குத்தான் நஷ்டம்.

வாசகி அம்மாவின் கேள்விக்கும் அண்ணனின் கேள்விக்கும் சேர்த்து எழுதுகிறேன். ஹேக்கர் போன காலத்து யார்க் எப்படிப்பட்ட இடம் என்பதைப் பார்க்கவேண்டும். 1964-இல் வில்ஃப்ரிட் மெல்லர்ஸ் தொடங்கிய துறை அது. வரலாற்றை ஒருபக்கம் வைத்து வாசிப்பை ஒருபக்கம் வைக்கிற வழக்கத்தை அங்கே ஏற்கவில்லை. பள்ளிப் பிள்ளைகள் சொந்தமாக இசை செய்து பார்த்தே கற்கவேண்டும் என்று வாதாடிய ஜான் பெய்ன்டரும் அதே துறையில்தான் இருந்தார். அப்படி ஒரு இடத்தில் பழைய வாத்தியமும் புதிய இசையின் ஸ்கோரும் (எழுதிய இசைத்தாள்) ஒன்றாகக் கையில் வைத்திருக்கும் ஒருவர் ஆசிரியராக வந்தால், மாணவர்களுக்கு அது கூடுதல் பாடமாகத் தெரிந்திருக்காது.

‘இதுவும் ஒரு நிறம்’ என்று பையன் தப்பித்துக்கொள்வான் என்பது நியாயமான பயம். ஆனால் ஐந்து சாவிக் கிளாரினெட் அந்தத் தப்பித்தலுக்கு இடமே தராது. அதில் சுருதி தானாக நிற்காது. ஒவ்வொரு சுரத்துக்கும் உதட்டையும் மூச்சையும் மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும், காது தூங்கினால் அடுத்த சுரமே காட்டிக்கொடுத்துவிடும். நல்ல இன்றைய கிளாரினெட்டில் சாவி பாதி வேலையைப் பார்த்துவிடுவதால் பையன் கேட்காமலேயே ஓரளவு ஊதிவிடலாம். ஆகவே நீண்ட சுரம் ஊதவைப்பதற்கும் இதற்கும் சண்டை இல்லை. நீங்கள் ஊதவைக்கிற அதே நீண்ட சுரம்தான், அதை இன்னும் கூர்ந்து கேட்கவைப்பது.

---

கவின்மலர் எழுதியது:

நேற்று இரவு தாவும் இடத்தைத் தேடிக் கேட்டேன். இரண்டாவது தடவை பிடிபட்டது! இப்போது ஒவ்வொரு தடவையும் அங்கே மனது கீழே போகிறது, கிளாரினெட் மேலே போகிறது. சரி, இறங்கிப் போகிற வடிவம் யாருடைய பதிவில் கேட்கலாம்? ஹேக்கரின் பதிவு ஏதாவது கிடைக்குமா?

---

ஏடும்_இசையும் எழுதியது:

ஹேக்கர் சாலமன் குவார்டெட்டோடு சேர்ந்து மோட்சார்ட் குவின்டெட்டைப் பதிவு செய்திருக்கிறார். முதலில் அதைத் தேடுங்கள். தந்தி வாத்தியங்களும் பழைய முறை என்பதால் கிளாரினெட் அவற்றின் மேல் ஏறி உட்காராமல் நடுவில் கலந்து வரும். கான்செர்ட்டோவுக்கு ஹான்ஸ் டைன்ட்சர் 1973-இல் செய்த பதிவு, பிறகு ஆன்டனி பே கிறிஸ்டஃபர் ஹாக்வுட்டின் குழுவோடு செய்தது. இன்றைய சாவிகளோடு உள்ள பாசெட் கிளாரினெட்டில் கேட்கவேண்டும் என்றால் சபீனே மேயர்.

---

இரண்டாம்_மேசை எழுதியது:

என்னிடம் இப்போது மூன்று பையன்கள் வருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் சாதாரண வடிவத்தையும் பாசெட் வடிவத்தையும் அடுத்தடுத்துப் போட்டு, என்ன வித்தியாசம் என்று எதுவும் சொல்லாமல் கேட்கப்போகிறேன். அதற்கு முன்னால் வாசகி அம்மா சொன்ன மாதிரி அந்த வரியை வாயால் பாடவைக்கிறேன். கவின்மலர், எந்த நிமிடத்தில் தாவுகிறது என்று நீங்கள் குறித்து வைத்திருந்தால் இங்கே போடுங்கள், எனக்குத் தேடும் நேரம் மிச்சமாகும்.